கங்கைகொண்டான் நிரம்புகிறது, நாங்குநேரி காத்துக் கிடக்கிறது: எங்கள் ஊருக்குத் தொழில் வர எதைக் கேட்பது?

மானூர்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டம் மானூர் ஒன்றியத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம், சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களுக்கு இதே நிலைமைதான். வரும் கிராம சபைக்கு ஒரு மனு தயார் செய்கிறோம். "எங்கள் பகுதிக்குத் தொழிற்சாலை கொண்டுவர வேண்டும்" என்று எழுதினால் தீர்மான நோட்டில் ஏறும், அத்தோடு சரி. பழைய நோட்டுகளைப் புரட்டினால் அதே வரி வருஷா வருஷம் இருக்கிறது. இந்தத் தடவை எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு கேட்கலாம் என்று நினைக்கிறோம்.

இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறேன். மதுரை – கன்னியாகுமரி நான்கு வழிச்சாலை ஆறேழு கிலோமீட்டர். கங்கைகொண்டான் சிப்காட் (மாநில அரசின் தொழிற்பேட்டை) கூப்பிடு தூரம். ரயில் பாதை பக்கத்திலேயே போகிறது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு லாரி ஒன்றரை மணி நேரத்தில் போய்விடும். வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்தில் 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள், ஓடுபாதையும் 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. வரைபடத்தை விரித்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஊருக்குள் இருக்கும் ஒரே தொழில் பீடி. தெருவுக்குப் பத்துப் பெண்களாவது திண்ணையில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, இலையை வெட்டுவதும் தூளை வைத்துச் சுருட்டுவதுமாகக் கழுத்து நிமிராமல் இருக்கிறார்கள். பையன்கள் சென்னை, திருப்பூர், வளைகுடா. மழை பெய்தால் உளுந்தும் மக்காச்சோளமும் உண்டு, இல்லாவிட்டால் தரிசு.

என் கேள்வி இதுதான். நெல்லைக்கு வடக்கே கங்கைகொண்டான், தெற்கே நாங்குநேரி. இரண்டும் ஒரே நெடுஞ்சாலையில் இருக்கின்றன. இரண்டுக்கும் ரயில் நிலையம் உண்டு, ஒரே துறைமுகம், ஒரே மாவட்டம். ஒன்றில் டயர் ஆலை, சோலார் ஆலை என்று வரிசையாக வருகிறது. இன்னொன்றில் அப்படி எதுவும் நடக்கவில்லை. வித்தியாசம் எங்கே இருக்கிறது? அது தெரிந்தால் எங்கள் மனுவில் எதை எழுத வேண்டும் என்பதும் தெரிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

---

வள்ளியூரான் எழுதியது:

நாங்குநேரி என் சொந்தப் பக்கம் என்பதால் முதலில் நான் எழுதுகிறேன். அங்கே தொழிற்பூங்கா என்ற பேச்சு 1990-களின் கடைசியிலேயே தொடங்கிவிட்டது. 2,500 ஏக்கர் அளவுக்கு நிலம். மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் ஒரு தனியார் நிறுவனமும் சேர்ந்து சிறப்புப் பொருளாதார மண்டலமாக வளர்ப்பது என்று ஏற்பாடு. அந்தப் பேச்சைக் கேட்டபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள்.

என் கணிப்பில் காரணம் இரண்டு. முதலாவது, மொத்த நிலமும் ஒரே ஏற்பாட்டுக்குள் போய்விட்டது. உள்சாலை, தண்ணீர், மின்சாரம் எல்லாம் அந்த வளர்ப்பாளர் பணம் போட்டால்தான் உண்டு. அவர் தயங்கினால் 2,500 ஏக்கரும் சேர்ந்து தயங்கும். இரண்டாவது, சிறப்புப் பொருளாதார மண்டலத்தின் கவர்ச்சியே வரிச் சலுகைதான். 2011-12 முதல் அந்த மண்டலங்களுக்கும் குறைந்தபட்ச மாற்று வரி (சலுகை இருந்தாலும் லாபத்தில் கட்டியாக வேண்டிய வரி) உண்டு என்று மத்திய அரசு சொன்னதும் நாடு முழுக்க அந்தக் கவர்ச்சி குறைந்தது.

கங்கைகொண்டானில் சிப்காட்டே நிலத்துக்குப் பொறுப்பு. ஒரு நிறுவனம் வந்தால் மனையைக் காட்டி, 99 ஆண்டு குத்தகைக்குக் கொடுத்து, "இதோ சாலை, இதோ தண்ணீர்க் குழாய்" என்று சொல்ல ஆள் இருந்தது. 2009 வாக்கில் ஏ.டி.சி. டயர் ஆலை வந்தது. டிராக்டர் மாதிரியான கனரக வண்டிகளுக்கான டயர், பெரும்பகுதி ஏற்றுமதி. ஒன்று வந்து ஓடிக் காட்டியதும் அடுத்தவருக்கு நம்பிக்கை வந்தது. 2025 பிப்ரவரியில் டாடா பவரின் 4.3 கிகாவாட் சோலார் ஆலையை முதல்வர் திறந்துவைத்தது வரைக்கும் இந்தத் தொடர்ச்சிதான்.

ஆகவே இருப்பிடம் ஒன்றுதான், தயார் நிலைதான் வேறு. எங்கள் பக்கத்துக்கும் ஒருநாள் வரும் என்ற நம்பிக்கையை நான் விடவில்லை. ஆனால் நான்கு வழிச்சாலையை மட்டும் காட்டித் தொழிலை அழைக்க முடியாது என்பதற்கு நாங்குநேரியே சாட்சி.

---

பேலட் பட்டறை எழுதியது:

தம்பி, நான் அதே வட்டாரத்தில் ஒரு சின்னத் தொழில் நடத்துகிறவன். நான் இடம் தேடிய கதையைச் சொன்னால் உங்கள் மனுவுக்கு உதவும்.

ஏற்றுமதிச் சரக்கை அடுக்கிவைக்கும் மரச் சட்டத்துக்குப் பேலட் என்று பெயர். வெளிநாடு போகிற மரத்தில் பூச்சி போகக்கூடாது என்பதால் அதைச் சூடேற்றி முத்திரை குத்த வேண்டும், ஐ.எஸ்.பி.எம். 15 என்று சர்வதேச விதி. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருந்தாக வேண்டும். 25-வது நிமிடத்தில் கரண்ட் போய்ச் சூடு இறங்கிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். அரை லோடு மரத்தை அறைக்குள் வைத்துக்கொண்டு மீட்டரையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஊசி 54-ல் ஆடும்போது விளக்கு மங்கினால் வயிறு கலங்கும்.

இந்தத் தொழிலுக்கு உங்கள் பக்கம் அருமையான இடம். பைன் மரம் தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்குகிறது, ரப்பர் மரம் கன்னியாகுமரிப் பக்கமிருந்து வருகிறது. பேலட் வாங்குகிற ஆலைகள் கங்கைகொண்டானில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் எங்கே கடை போட்டாலும் லாரி வாடகை மிச்சம். அதனால் சிப்காட்டுக்கு வெளியே, கிராமங்களில்தான் முதலில் தேடினேன். ஒரு ஊரில் ஆசைப்பட்ட நிலம் கிடைத்தது, விலையும் படிந்தது. பட்டாவைப் பார்த்தால் கூட்டுப் பட்டா. ஏழெட்டுப் பெயர், அதில் பாதிப் பேர் மும்பையில். ஒருவர் இறந்துபோய் வாரிசுச் சான்று வாங்கவில்லை. போதாததற்கு யு.டி.ஆர். (அரசு நிலப் பதிவுகளைப் புதுப்பித்த திட்டம்) காலத்தில் சர்வே எண்ணின் உட்பிரிவு மாறி விழுந்திருக்கிறது. அனுபவத்தில் இருப்பவர் ஒருவர், பட்டாவில் இருப்பவர் வேறொருவர். வங்கி வக்கீல் ஒரே பார்வையில் கோப்பை மூடிவிட்டார். விற்கிறவரும் நல்ல மனிதர், வாங்குகிற நானும் தயார், ஆனாலும் அந்த ஊருக்குத் தொழில் போகவில்லை. இப்படி எத்தனை பேர் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்கள் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியவே தெரியாது. வந்தவர் சொல்லிவிட்டா போகிறார்?

அடுத்த ஊரில் பட்டா சுத்தம். மின்சாரம் கேட்டால் டிரான்ஸ்ஃபார்மரில் இடமில்லை, புதிதாகப் போட வேண்டுமானால் கம்பி இழுக்கும் செலவையும் நான்தான் கட்ட வேண்டும் என்றார்கள். எனக்கு அது கட்டுப்படியாகவில்லை. மூன்றாவது ஊரில்தான் எல்லாம் கூடி வந்தது.

சலுகையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். 2021 தொழிற்கொள்கை மாவட்டங்களை ஏ, பி, சி என்று பிரித்து, நெல்லையை அதிகச் சலுகை கிடைக்கும் சி பிரிவில் வைத்தது. நல்லதுதான். சின்ன முதலீட்டுக்கு மாவட்டத் தொழில் மையம் வழியாக மூலதன மானியமும் உண்டு. ஆனால் மானியம் தொழில் ஓட ஆரம்பித்த பிறகு வருகிற பணம். பட்டாவும் கரண்டும் ஓட ஆரம்பிக்கவே வேண்டியவை. நான் இடம் தேடியபோது மானியத்தைக் கடைசியில்தான் பார்த்தேன்.

சுருக்கமாகச் சொன்னால், பெரிய ஆலையைக் கேட்காதீர்கள். அது சிப்காட்டுக்குத்தான் போகும். அந்த ஆலைகளுக்கு வேண்டிய அட்டைப்பெட்டி, பேலட், லேத் வேலை, சீருடைத் தையல், மதியச் சாப்பாடு இவற்றைச் செய்கிறவர்கள்தான் உங்கள் ஊருக்கு வரக்கூடியவர்கள். அவர்களுக்கு இரண்டு மூன்று ஏக்கர் போதும்.

---

மானூர்க்காரன் எழுதியது:

அண்ணாச்சி, இந்தக் கோணத்தில் நாங்கள் யோசிக்கவே இல்லை. எங்கள் ஊரிலும் கூட்டுப் பட்டாதான் அதிகம், யு.டி.ஆர். பிழையும் நிறைய. அதைக் குடும்பச் சண்டையாகத்தான் பார்த்தோம், தொழில் வராததற்குக் காரணமாகப் பார்த்ததில்லை. மின்சாரத்தைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்களேன். எந்த அதிகாரியிடம் எதைக் கேட்பது?

---

ஓய்வுபெற்ற லைன்மேன் எழுதியது:

முப்பது வருஷம் மின்வாரியத்தில் இருந்தவன், கேளுங்கள். "எங்கள் ஊருக்குத் தடையில்லா மின்சாரம் வேண்டும்" என்று மனு கொடுத்தால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். எங்கள் ஊருக்கு எந்தத் துணைமின் நிலையத்திலிருந்து எந்த ஃபீடர் (ஊருக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பிப் பாதை) வருகிறது? அந்த ஃபீடரில் உச்ச நேரச் சுமை எவ்வளவு? ஊரில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர்கள் எத்தனை கே.வி.ஏ. திறன், அதில் மிச்சம் எவ்வளவு? பம்புசெட்டும் வீடும் ஒரே ஃபீடரில் ஓடுகிறதா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். கிணற்று மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தால் கடைக்கோடி ஊருக்கு வோல்டேஜ் விழும். பேலட் அண்ணாச்சி சொன்ன விளக்கு மங்குகிற சமாச்சாரம் இதுதான். கயத்தாற்றில் 400 கிலோவோல்ட் துணைமின் நிலையம் இருக்கிறது, சுற்றிலும் காற்றாலைகள். அதைப் பார்த்துவிட்டு நமக்குப் பக்கத்தில்தானே மின்சாரம் விளைகிறது என்று ஊரில் பேசுவார்கள். அந்தப் பெரிய கம்பி வெளியூருக்குக் கொண்டுபோகிற கம்பி. உங்களுக்குக் கணக்கு, உங்கள் ஃபீடர் எத்தனை கிலோமீட்டர் நீளம் என்பதுதான். ஃபீடரைப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பிரிக்கிற திட்டங்கள் இருக்கின்றன, கேட்கிற ஊர் முதலில் வரிசையில் போய் நிற்கும்.

---

தூத்துக்குடி லாரி எழுதியது:

எல்லோரும் நான்கு வழிச்சாலை ஆறு கிலோமீட்டர்தான் என்கிறார்கள். அந்த ஆறு கிலோமீட்டரை எங்கள் டிரைவர் கண்ணால் பாருங்கள்.

நாற்பதடி கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் உங்கள் ஊருக்கு வர முடியுமா? ரயில் பாதையைத் தாண்ட வேண்டியிருந்தால் அங்கே கேட் இருக்கிறதா, கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை போட்டுவிட்டார்களா? தெற்கே பல இடத்தில் சுரங்கப்பாதைதான் இப்போது. வாசலில் உயரத் தடுப்புக் கம்பி நிற்கும், டிரெய்லர் அதோடு நின்றுவிடும். மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர். ஊர்க்காரன் பைக்கில் சுற்றிப் போய்விடுவான், சரக்கு லாரி போக முடியாது. அப்புறம் குளத்துக் கரையில் வருகிற வளைவு. நம் பக்கத்து ஒன்றியச் சாலைகள் கரையை ஒட்டியே திரும்பும். டிரெய்லரின் பின்சக்கரம் உள்வாங்கித்தான் வரும், கரையின் விளிம்பு தாங்காது. எங்கள் ஆள் ஒருவன் அப்படி ஒரு வளைவில் விடியும் வரை வண்டியை நிறுத்திவிட்டு ஜே.சி.பி.க்குக் காத்திருந்தான். அதற்குப் பிறகு அந்த ஊர் லோடு என்றால் வாடகையைக் கூட்டித்தான் சொல்கிறோம். அந்தக் கூடுதல் வாடகையிலேயே துறைமுகம் பக்கத்தில் இருக்கிற லாபம் போய்விடும்.

ஆறு கிலோமீட்டரையும் அகலப்படுத்தச் சொன்னால் கோடிக்கணக்கில் மதிப்பீடு போட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். டிரெய்லர் நிற்கிற இடத்தை மட்டும் அடையாளம் காட்டிக் கேளுங்கள்.

---

பொருநைக்கரை எழுதியது:

எல்லோரும் உற்சாகமாக எழுதுகிறீர்கள். நான் தண்ணீரைப் பற்றிப் பேசியாக வேண்டும். கங்கைகொண்டானின் இருப்பிட அனுகூலத்தில் முதலில் நிற்பது சாலை இல்லை, தாமிரபரணி. வற்றாத ஆறு ஒன்று பக்கத்தில் இருந்ததால்தான் அங்கே குளிர்பானம் தயாரிக்கிற ஆலை வந்தது. ஆற்றுத் தண்ணீரை 1,000 லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தபோது மாவட்டமே கொதித்தது ஞாபகம் இருக்கிறதா? 2016 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை போட்டது, 2017 மார்ச்சில் மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அந்தச் சமயத்தில்தான் வணிகர் சங்கங்கள் பெப்சி, கோக் விற்பதில்லை என்று முடிவெடுத்தன.

நான் தொழிலுக்கு எதிரி இல்லை. என் மருமகளே சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறாள். ஆனால் கீழே ஸ்ரீவைகுண்டம் வரை கார், பிசானம் இரண்டு போகமும் இந்த ஆற்றை நம்பித்தான் இருக்கிறது. தூத்துக்குடி வரை குடிதண்ணீரும் இதிலிருந்துதான் போகிறது. உங்கள் ஊரோ ஆழ்குழாய்க் கிணற்றை நம்புகிற மானாவாரி ஊர். தண்ணீரை உறிஞ்சுகிற ஆலை ஒன்று வந்து இரண்டு போர் இறக்கினால் உங்கள் ஊர்க் கிணறுகள் என்ன ஆகும்? அதனால் எந்தத் தொழில் வேண்டும் என்பதோடு எது வேண்டாம் என்பதையும் தீர்மானத்தில் எழுதுங்கள். மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று வகைப்படுத்தியிருக்கிறது. எங்களுக்குப் பச்சையும் வெள்ளையும் போதும் என்று ஊர் சேர்ந்து சொல்லலாம்.

இன்னொன்று. சென்னையில் கோயம்பேட்டில் கழிவுநீரைச் சுத்திகரித்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள், நாளைக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையம் அது. நெல்லை நகரத்துச் சாக்கடை ஆற்றில் கலப்பதைப் பற்றி நாம் எவ்வளவு நாளாகப் புலம்புகிறோம்! அதே தண்ணீரைச் சுத்தம் செய்து கங்கைகொண்டானுக்குக் கொடுத்தால் ஆறும் பிழைக்கும், ஆலைக்கும் பஞ்சமில்லை. இதை உங்கள் ஒரு ஊராட்சியால் செய்ய முடியாது. ஆனால் ஒன்றியம் முழுக்கச் சேர்ந்து கேட்கலாம்.

---

பேலட் பட்டறை எழுதியது:

பொருநைக்கரை அம்மா சொல்வது முழுக்கச் சரி. என் பட்டறைக்கு ஆட்கள் குடிக்கிற தண்ணீரைத் தவிர வேறு தேவை கிடையாது. அப்படிப்பட்ட தொழில்கள் நிறைய இருக்கின்றன. வருகிறவனிடம் ஊர் முதலிலேயே இதைச் சொல்லிவிட்டால் வருகிறவனுக்கும் நல்லது. பாதி முதல் போட்ட பிறகு எதிர்ப்பு வந்தால் இரண்டு பக்கமும் நாசம்.

---

செய்யாற்று மகள் எழுதியது:

நான் திருவண்ணாமலை மாவட்டம், செய்யாறு பக்கம். எங்கள் சிப்காட்டின் அடையாளமே காலணி ஆலைகள்தான். பல ஆயிரம் பெண்கள் வேலை செய்கிறார்கள், வந்தவாசி, ஆரணி, உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம். எங்கள் தெருமுனையில் விடியற்காலை இருட்டில் டார்ச் வெளிச்சத்தோடு பெண்கள் கூடி நிற்பார்கள். கம்பெனி பஸ் வரும். ஏறினதும் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிடுவார்கள். மாதம் முடிந்தால் சம்பளம் அவரவர் பெயரில் இருக்கிற கணக்குக்கு வருகிறது. என் அக்கா கல்யாணத்தை மூன்று வருஷம் தள்ளிப்போட்டது அந்தக் கணக்கு இருந்த தைரியத்தில்தான். அதற்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணுக்கும் அந்த வாய்ப்பு இருந்ததில்லை.

மானூர் அண்ணன் பீடித் தட்டைப் பற்றி எழுதியதால் இதைச் சொல்கிறேன். ஆலை உங்கள் ஊருக்கே வர வேண்டும் என்று இல்லை. பஸ் வந்தாலே பாதி நடந்துவிடும். கங்கைகொண்டான் சோலார் ஆலையில் பெண்களைத்தான் அதிகம் எடுக்கிறார்கள் என்று படித்தேன். காலை ஷிப்டுக்கு உங்கள் ஊரிலிருந்து போய்ச் சேர்கிற மாதிரி பஸ் இருக்கிறதா? இரண்டாவது ஷிப்டு முடிந்து ராத்திரி வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுகிற பஸ் இருக்கிறதா? கட்டணமில்லாத நகரப் பேருந்து 2021-லிருந்து இருக்கிறது, ஆனால் ஷிப்டு நேரத்துக்கு அது ஓடாவிட்டால் என்ன பயன்? பஸ் நிற்கிற இடத்தில் விளக்கு, கழிப்பறை, பிள்ளையை விட்டுப்போக ஒரு இடம், இவையும் உள்கட்டமைப்புதான். ஊர்க் கூட்டத்தில் ஆண்கள் மட்டும் பேசினால் இது மனுவில் வராது. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் 18,720 பெண்கள் தங்குகிற விடுதியைத் திறந்தார்கள். 706.50 கோடி ரூபாய் செலவு. நல்ல கட்டடம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ராத்திரி அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் தன் வீட்டில் படுக்கிற பெண்ணின் நிலைமை வேறு. தொழில் கிராமத்துப் பக்கத்தில் வர வேண்டும் என்று நான் நினைப்பதற்கு அதுதான் பெரிய காரணம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. அதே செய்யாறு சிப்காட்டின் விரிவாக்கத்துக்கு மேல்மா சுற்று வட்டாரத்தில் 3,000 ஏக்கருக்கு மேல் எடுக்க வந்தார்கள். விளைகிற நிலம். ஜனங்கள் பந்தல் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2023 நவம்பரில் ஏழு விவசாயிகள் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. பெரிய எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் ஆறு பேர் மீதானதை உடனே விலக்கினார்கள். எந்த நிலத்தைத் தருகிறோம் என்பதை ஊர்க்காரர்கள் முதலிலேயே பேசி முடிக்க வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கையும் குளத்து நீர்ப்பிடிப்பையும் காலி இடம் என்று கணக்கில் காட்டிவிடாதீர்கள்.

---

கயத்தாறு மேடு எழுதியது:

ஆமாம், மேய்ச்சல் நிலத்தைக் காலி என்று எழுதுவது பெரிய தவறு. கங்கைகொண்டான் சிப்காட்டுக்குப் பக்கத்திலேயே புள்ளிமான் சரணாலயம் இருக்கிறது, 2013-ல் அறிவித்தார்கள். வெறும் காடு என்று நாம் நினைக்கிற இடத்தில் மான் இருக்கிறது, ஆட்டுக்கிடை இருக்கிறது.

---

ஓசூரில் இருப்பவன் எழுதியது:

நான் சங்கரன்கோவில்காரன், வேலை ஓசூரில். இருப்பிட அனுகூலத்துக்கு ஓசூரை விடப் பெரிய உதாரணம் கிடையாது. பெங்களூருக்கு 40 கிலோமீட்டர், தமிழ்நாட்டு எல்லைக்குள். ஆனால் எல்லை எப்போதும் அங்கேதானே இருந்தது? 1970-களில் சிப்காட் மனை போட்ட பிறகுதான் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் வந்தன. 1984-ல் டாடாவும் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் அங்கேதான் கடிகார ஆலை கட்டியது. பிறகு அவற்றைச் சுற்றி லேத், பெயின்ட், பிளாஸ்டிக் என்று தெருத்தெருவாகப் பட்டறைகள். பேலட் அண்ணாச்சி சொல்கிற இரண்டு ஏக்கர் தொழில்கள் இவைதான்.

நான் பார்த்து வருத்தப்படுவது ஒன்று உண்டு. நிலம் கொடுத்த ஊர்களில் பலருக்கு வாசலில் காவல் வேலைதான் கிடைத்தது, உள்ளே மெஷின் பக்கம் வெளியூர்க்காரர்கள். படிப்பு இல்லை, பயிற்சி இல்லை. உங்கள் பையன்களுக்கு அப்படி ஆக வேண்டாம். 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடியில் புதுப்பித்திருக்கிறார்கள். ரோபோ, கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரம் எல்லாம் உள்ளேயே இருக்கிறது. பேட்டை ஐ.டி.ஐ. உங்களுக்குப் பக்கம்தானே? பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை இந்த வருஷமே அனுப்புங்கள். ஆலை வந்த பிறகு படிக்க ஆரம்பித்தால் வண்டி போய்விடும்.

---

குற்றாலச் சாரல் எழுதியது:

தென்காசியிலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. மத்தளம்பாறைக்கு 2011-ல் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் வந்தபோது பக்கத்தில் துறைமுகமும் இல்லை, நான்கு வழிச்சாலையும் இல்லை. அந்தத் தொழிலுக்குத் தேவை நல்ல இணைய இணைப்பும் நிலையான மின்சாரமும். ஜோஹோ டெஸ்க் என்ற மென்பொருள் இங்கிருந்துதான் உருவானது. எல்லா ஊருக்கும் ஜோஹோவைத் தொடங்கிய ஸ்ரீதர் வேம்பு வர மாட்டார், அது உண்மை. ஆனால் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணையக் கம்பி கொண்டுபோகிற திட்டம் இருக்கிறது. உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் அந்த இணைப்புப் பெட்டி வேலை செய்கிறதா என்று நாளைக்கே போய்ப் பாருங்கள். வேலை செய்தால் நான்கு பேர் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற அலுவலகம் ஒன்றாவது ஊரில் நடத்தலாம். ஜி.எஸ்.டி. தாக்கல் செய்துகொடுக்க ஆள் தேடிச் சிப்காட்டைச் சுற்றியுள்ள சின்ன முதலாளிகள் டவுனுக்குத்தான் போகிறார்கள்.

---

மானூர்க்காரன் எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று நாளாக இந்த இழையை அச்செடுத்து ஊர்ச் சாவடியில் வைத்துப் படித்தோம். செய்யாற்று மகள் சொன்னபடி மகளிர் குழுவையும் கூப்பிட்டோம். பஸ் விஷயத்தை எழுதியதும் அவர்கள் அத்தனை பேரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஷிப்டு நேரம் எங்களைவிட அவர்களுக்குத்தான் சரியாகத் தெரிந்திருந்தது. ஏற்கெனவே இரண்டு பெண்கள் வேலைக்குச் சேர்ந்து, ராத்திரி திரும்பி வர வழியில்லாமல் நின்றுவிட்டதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

தொழிற்சாலை வேண்டும் என்ற வரியை எடுத்துவிட்டோம். இப்போது மனுவில் இருப்பது இவ்வளவுதான். காலை ஷிப்டுக்கும் ராத்திரி ஷிப்டுக்கும் சிப்காட் வரை பஸ், நிறுத்தத்தில் விளக்கும் கழிப்பறையும். ஊருக்குள்ளேயே சிறப்பு முகாம் போட்டு யு.டி.ஆர். பிழை திருத்தமும் கூட்டுப் பட்டா உட்பிரிவும். பம்புசெட் ஃபீடரையும் ஊர் ஃபீடரையும் பிரிப்பது. குளத்துக் கரை வளைவில் தடுப்புச் சுவர் கட்டி அகலப்படுத்துவது. எங்கள் வழியில் ரயில்வே கேட் இன்னும் இருக்கிறது, அதைச் சுரங்கப்பாதையாக மாற்றுகிற எண்ணம் இருந்தால் டிரெய்லர் போகிற உயரத்தில் கட்ட வேண்டும் என்று ரயில்வேக்குத் தனியாக ஒரு கடிதம். கூடவே ஒரு தீர்மானம்: பச்சை, வெள்ளை வகைத் தொழில்கள் மட்டும், தொழிலுக்குப் புது ஆழ்குழாய்க் கிணறு கிடையாது, மேய்ச்சல் புறம்போக்கும் குளமும் கணக்கில் சேராது. ரோட்டோரத்தில் தரிசாகக் கிடக்கிற பட்டா நிலங்களில் யார் யார் குத்தகைக்கோ விலைக்கோ தரத் தயார் என்று சர்வே எண்ணோடு ஒரு பட்டியலும் தயாராகிறது. அது முடிந்ததும் மாவட்டத் தொழில் மையத்தில் கொடுக்கப் போகிறோம்.

ஒரே சந்தேகம். குளத்துக் கரை வளைவுக்கு யாரைப் பார்ப்பது? ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால் கரை எங்களுடையது இல்லை என்கிறார்கள்.

---

ஓய்வுபெற்ற லைன்மேன் எழுதியது:

அவர்கள் சொல்வது சரிதான். தார் ரோடு ஒன்றியத்துடையது. பெரிய குளமாக இருந்தால் கரை நீர்வளத் துறையுடையது, சின்னக் குளமாக இருந்தால் ஒன்றியமே பொறுப்பு. உங்கள் குளம் எதில் வருகிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். நீர்வளத் துறை என்றால் இரண்டு துறைக்கும் தனித்தனி மனு வேண்டும், ஒன்றில் மற்றதன் நகலை இணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கோப்பு இங்கும் அங்கும் அலையும். வளைவில் எங்கள் மின்கம்பம் ஒன்று நிற்குமே, அதை நகர்த்துவதற்கும் சேர்த்தே எழுதுங்கள். கம்பம் நகராமல் சுவர் கட்ட முடியாது.

---

தூத்துக்குடி லாரி எழுதியது:

சுவருக்கு அளவு எடுக்க வரும்போது சொல்லுங்கள் தம்பி. காலி டிரெய்லர் ஒன்றை அந்தப் பக்கம் திருப்பி விடுகிறேன். பொறியாளர் கண் முன்னால் அது திரும்பிக் காட்டட்டும், எவ்வளவு இடம் வேண்டும் என்று அங்கேயே சுண்ணாம்பு போட்டுக்கொள்ளலாம்.